டெப்ரி: விண்வெளிக் குப்பையா, விண்கூளமா?

எங்க கிளாஸ்ல எல்லாரும் டெப்ரிஸ்னுதான் சொல்லுவோம், கடைசில 'ஸ்' வரக்கூடாது, டெப்ரின்னு நிறுத்தணும்னு எனக்கே போன வருஷந்தான் தெரியும். பிரெஞ்சு சொல்லு அது. உடைக்கிறது, நொறுக்குறதுன்னு அர்த்தம் உள்ள ஒரு பழைய வினைச்சொல்லுல இருந்து பொறந்தது. அதனால ஒண்ணு உடைஞ்சு சிதறின துண்டுங்கதான் அதோட மொதல் பொருள். தனுஷ்கோடியில 1964 புயல்ல இடிஞ்ச சர்ச்சை சுத்தி உதிர்ந்து கெடக்குதே கல்லு, அது டெப்ரி.

பூமியச் சுத்திக்கிட்டு இருக்குற உடைஞ்ச, செத்த சாட்டிலைட், ராக்கெட் துண்டுங்கதான் ஸ்பேஸ் டெப்ரி, அத நம்ம பேப்பர்ல விண்வெளிக் குப்பைன்னு போடுறாங்க. எல்லாருக்கும் புரியுது, தப்புன்னு சொல்ல வரல. ஆனா குப்பைன்னா குவியல்னும் ஒரு அர்த்தம் இருக்கு, பழைய ராமநாதபுரம் ஜில்லாவுல இருந்து இப்ப சிவகங்கைக்குப் போயிட்ட நெற்குப்பைங்கிற ஊர் பேரச் சொல்லிப் பாருங்க, நெல்லுக் குவியல்தான் கண்ணு முன்னாடி வரும். குப்பை ஒரு எடத்துல கெடக்கும், கூட்டி அள்ளிடலாம். மேல சுத்துறது அப்படி இல்ல, செகண்டுக்கு ஏழரை கிலோமீட்டர் போகுது, ஒரு சின்ன நட்டு மோதினாலும் ஓடிக்கிட்டு இருக்குற சாட்டிலைட் காலி.

எனக்குப் பிடிச்ச சொல்லு கூளம். அம்மாச்சி ஊரு திருவாடானை பக்கம், படப்புல இருந்து மாட்டுக்கு வைக்கோல் உருவும்போது கீழ நொறுங்கி உதிருமே துண்டு துண்டா, அதுதான் கூளம். காத்து அடிச்சா வீடு பூரா பறக்கும், வெளக்கமாத்துல சிக்காது. அதனால விண்கூளம். செத்துப்போன முழு சாட்டிலைட்டும் காலி ராக்கெட் பாகமும் கூட டெப்ரி கணக்குலதான் வரும், அதப் போயி கூளம்னு சொல்லலாமான்னு ஒரு ஃப்ரெண்டு கேட்டான், நியாயமான கேள்விதான். 2009 பிப்ரவரி 10ஆம் தேதி அப்படி செத்து சுத்திக்கிட்டு இருந்த ரஷ்யாவோட காஸ்மோஸ் 2251, வேலை செஞ்சுக்கிட்டு இருந்த இரிடியம் 33ங்கிற அமெரிக்க சாட்டிலைட் மேல மோதுச்சு, ரெண்டும் போயி ரேடார்ல தெரியிற சைஸ்லயே 2,000 துண்டுக்கு மேல ஆச்சு. அதனால முழுசா செத்துக் கெடக்குறதும் இன்னும் உடையாத கூளந்தான்னு நான் சொல்லுவேன். கூளம் மோதி இன்னும் கூளம், அது மோதி இன்னும் இன்னும்னு பெருகிக்கிட்டே போகும்னு 1978லயே கெஸ்லர்னு நாசா விஞ்ஞானி எழுதிட்டாரு.

பாம்பன்ல இத வெளக்குறதுக்கு நான் கஷ்டப்படவே வேணாம். எங்க சித்தப்பாகிட்ட சொன்னேன், "அறுந்துபோன வலை மாதிரிதானடா"ன்னு உடனே கேட்டாரு. ஆமா சித்தப்பா, அதேதான். ஆளில்லாம கடலுக்குள்ள கெடந்து மீனையும் ஆமையையும் புடிச்சுக்கிட்டே இருக்குமே வலை, போட்டவன் போயிட்டாலும் அது வேலைய நிறுத்தாது.

நம்ம இஸ்ரோ இதுல செஞ்சது எனக்கு ரொம்பப் பெருமை. பிஎஸ்எல்வி சி58 ராக்கெட்டோட கடைசி பாகத்த அப்படியே சுத்த விடாம போயம்-3ன்னு பரிசோதனைக் கூடமா ஆக்கி வேலை வாங்கிட்டு, 650 கிலோமீட்டர்ல இருந்து 350க்கு எறக்கி, மிச்ச எரிபொருள வெளியேத்தி, 2024 மார்ச் 21ல பசிபிக் மேல காத்து மண்டலத்துக்குள்ள கொண்டு வந்துட்டாங்க. 2030க்குள்ள நம்ம விண்கலம் எதுவும் கூளம் போடக்கூடாதுங்கிறது குறிக்கோள்.

நானும் ஒரு கேன்சாட் செய்றேன், குளிர்பான டப்பா சைஸ்ல ஒரு பொம்மை சாட்டிலைட்டு, ட்ரோன்ல தூக்கிப் போட்டா பாராசூட் விரிஞ்சு எறங்கும். மொத டெஸ்ட்ல மூடி தெறிச்சுப் போயிருச்சு, மண்டபம் கரையில பொழுது சாயிற வரைக்கும் தேடியும் கெடைக்கல, அத நெனச்சா இன்னும் மனசு உறுத்துது. இப்ப மூடிய மீன் புடிக்கிற தங்கூசி நரம்புல கேனோட கட்டி வச்சிருக்கேன். தொறந்தாலும் தொங்கிக்கிட்டே கூட எறங்குது.