ரிப்போர்ட்டில் ‘பாசிட்டிவ்’ என்று வந்தால் பிரசவம் பார்க்க மாட்டார்களா?

எட்டாம் மாதம் வரை ஒழுங்காகப் பார்த்த ஆஸ்பத்திரிதான். எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ் என்று சீட்டு வந்ததும், “இங்க வசதி இல்லம்மா, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க” என்கிறார்கள். இரத்தத்தில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருக்கிறது, அவ்வளவுதான் அந்தச் சீட்டுக்கு அர்த்தம். அந்த ஒரு காரணத்துக்காக சிசேரியன் தேவையில்லை. தாய்ப்பாலும் கொடுக்கலாம். இதை எடுத்துச் சொல்ல ஆளில்லாமல், நிறைமாத வயிறும் கட்டைப்பையுமாக பஸ் ஏறுகிறவர்களைப் பார்த்துச் சலித்துத்தான் எழுதுகிறேன்.

2011 முதல் நடப்பில் இருக்கிறது ஜனனி சிசு சுரக்ஷா திட்டம். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, இரத்தம், சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் இலவசம். வருமான வரம்பு இல்லை. எத்தனையாவது பிள்ளை என்ற கேள்வியும் இல்லை.

ஆனால் கேட்பார்கள். தமிழ்நாடு அரசு கர்ப்பிணிகளுக்குத் தரும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகைக்கு இரண்டு பிரசவம் என்ற வரம்பு உண்டு. அதையும் இதையும் போட்டுக் குழப்பி, “மூணாவதா? உங்களுக்குக் கிடையாது” என்பார்கள். பணம் வராமல் போகலாம், பிரசவம் இலவசம்தான். தாய்வீட்டுக்கு வந்தவர்களிடம் “உங்க பேரு எங்க ஏரியாவுல இல்ல” என்பது இன்னொரு பாட்டு. கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த உங்கள் ஆர்.சி.எச். எண் மாநிலம் முழுக்கச் செல்லும். எண்ணைச் சொல்லுங்கள், நகர வேண்டாம்.

வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப நிஜமான மருத்துவக் காரணமும் இருக்கலாம். அப்படியானால் காரணம் எழுதிய ரெஃபரல் சீட்டும் வண்டியும் தரவேண்டும், வண்டியும் இலவசம். வாயால் சொன்னதை நம்பிக் கிளம்பினால், நீங்களாகவே போய்விட்டதாக எழுதிவிட்டுக் கைகழுவலாம். “சீட்டுல எழுதிக் குடுங்க” என்று கேட்டதும் பாதி இடங்களில் வசதி தானாக வந்துவிடும்.

ஹெபடைடிஸ் பி உள்ள தாயின் குழந்தைக்கு இரண்டு ஊசி. பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி. கூடவே வைரஸை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் ஊசி, முடிந்தால் 12 மணி நேரத்துக்குள். இந்த இம்யூனோகுளோபுலின் எல்லா ஆஸ்பத்திரி ஃபிரிட்ஜிலும் இருக்காது. வலி வந்தபிறகு கேட்டால் வெளி மருந்துக்கடைக்குச் சீட்டு எழுதுவார்கள், ஆயிரக்கணக்கில் போகும். 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அது இலவசம். எட்டாம் மாதத்திலேயே “இருப்பு இருக்கா, இல்லேன்னா வரவழைச்சுருவீங்களா” என்று கேட்டு வையுங்கள்.

தடுப்பூசிக்கும் சாக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை என்பார்கள். பத்துப் பேருக்கான குப்பி, ஒரு பிள்ளைக்காக உடைக்க முடியாது என்பார்கள். சரியாகக் குளிரில் வைத்தால், திறந்த குப்பியை நான்கு வாரம் வரை பயன்படுத்தலாம் என்பது அரசே போட்ட விதி. தள்ளிப்போட்டால் நேரம் போவது பிள்ளைக்குத்தான்.

எச்.ஐ.வி. என்றால் சட்டமே கையில் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2018 செப்டம்பர் முதல் அமலில் உள்ளது. சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுக்கக் கூடாது, சிகிச்சை மறுக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது. கேஸ் ஷீட் அட்டையில் சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் எழுதிக் கட்டிலில் தொங்கவிடுவதும் வெளியே சொல்வதுதான். மாமியார் வந்து நின்றாலும், உங்கள் முடிவை உங்களிடம் தனியாகத்தான் சொல்ல வேண்டும். அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை இடமான நம்பிக்கை மையத்தில் டெஸ்ட்டும், எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரையும் இலவசம். சந்தேகம் கேட்க 1097. ஹெபடைடிஸ் பி-க்கு இந்தச் சட்டம் பொருந்தாது, அங்கே சட்டத்தைக் காட்டி வாதாடி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

வெள்ளைப்படுதலை ‘உடம்புச் சூடு’ என்று விட்டுவிடுகிறோம். கர்ப்பத்தில் கொஞ்சம் அதிகமாகப் படுவது இயல்பு. நாற்றம், அரிப்பு, நிறமாற்றம் இருந்தால் பால்வினை நோய்ப் பிரிவில் இலவசமாகப் பார்ப்பார்கள். அங்கே வெள்ளைப்படுதலுக்கு எடுத்துக் கொடுப்பது பச்சை நிற மருந்துப் பாக்கெட். அதில் ஃப்ளுகோனசோல் மாத்திரை இருக்கிறது, கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டியது. கூட்டம் அதிகமான நாளில் யாரும் கேட்க மாட்டார்கள். வயிறு தெரியாத மூன்றாம் மாதத்தில் கேட்கவே மாட்டார்கள். “நான் மாசமா இருக்கேன்” என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். பூஞ்சைத் தொற்றுக்குப் பிறப்புறுப்பின் உள்ளே வைக்கும் க்ளோட்ரிமசோல் மாத்திரை உண்டு. பிறப்புறுப்பில் கொப்புளம், புண் இருந்தால், வெட்கத்தைப் பார்க்காமல் பிரசவ வார்டில் நுழைந்ததும் சொல்லுங்கள். அது ஹெர்ப்பிஸ் வைரஸாக இருந்து, வலி வரும்போது புண்ணும் இருந்தால், குழந்தைக்குத் தொற்றாமலிருக்க சிசேரியன் செய்வார்கள்.

புகார் எழுதும்போது முகவரி முக்கியம். ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் மாவட்டச் சுகாதார அலுவலர், அரசு மருத்துவமனை என்றால் நலப்பணிகள் இணை இயக்குநர், மருத்துவக் கல்லூரி என்றால் டீன். மாற்றிக் கொடுத்தால் “எங்க கண்ட்ரோல்ல இல்ல” என்று மனு மேஜை மேஜையாகச் சுற்றும். ராத்திரியில் திருப்பி அனுப்பினால் வாசலில் நின்றே 104 சுகாதார உதவி எண்ணுக்குப் போன் போட்டு, யார் என்ன நேரத்தில் மறுத்தார்கள் என்பதைச் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.