சாலோ போடறீங்களா? கொழுப்புல பிரச்சனை இல்ல, அதுல ஓடற கறிய பாருங்க

உக்ரைன்ல சாலோ இல்லாத வீட்ட தேடித்தான் பிடிக்கணும். பன்னியோட முதுகுக் கொழுப்ப தோலோட பாளமா வெட்டி, கல்லுப்பு, நசுக்கின பூண்டு, மிளகு, பிரிஞ்சி இலை எல்லாம் அப்பி ஃப்ரிட்ஜ்ல நாலஞ்சு நாள் வெச்சிருந்து, அப்புறம் உப்ப சுரண்டிட்டு ஃப்ரீசர்ல போட்டு, வேணுங்கறப்ப மெல்லிசா சீவி கறுப்பு ரொட்டி மேல வெச்சு சாப்பிடுவாங்க. அடுப்பே பத்த வைக்கறதில்ல. மெடிக்கல் படிக்க அங்க போன நம்ம பசங்க சிலர் "உப்புக்கண்டம் மாதிரிதானே டாக்டர்"னு கேப்பாங்க. இல்லப்பா, உப்புக்கண்டத்த நாம வறுத்துதான் திங்கறோம், இது பச்சை.

உப்பு அளவப் பத்தி ரொம்ப யோசிக்காதீங்க, கொழுப்புல தண்ணி கம்மி, அதனால தாராளமா போட்டாலும் ஓரளவுக்கு மேல இழுக்காது. கொழுப்பு வாங்கறப்ப கத்திய குத்தினா வெண்ணெய்ல போற மாதிரி போகணும். அவ்ளோதான் செலக்‌ஷன்.

என் கவலை வேற. வெள்ளைக் கொழுப்புக்கு நடுவுல சிவப்பா கறிக்கோடு ஓடுமே, எல்லாரும் ஆசையா கேட்டு வாங்கறது, ட்ரிக்கினெல்லாங்கற ஒட்டுண்ணிப் புழு இருந்தா அங்கதான் கூடு கட்டி உக்காந்திருக்கும். வீட்ல போடற உப்போ, புகையோ அத கட்டாயம் கொல்லும்னு நம்ப முடியாது. அதனாலதான் அந்த ஊரு சந்தைலயே வெட்னரி லேப் இருக்கு, பன்னியோட உதரவிதானத்துல (நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கற தசை) இருந்து பொடிப்பொடியா 24 துண்டு வெட்டி, ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல நசுக்கி மைக்ராஸ்கோப்ல பாத்துட்டு அப்புறம்தான் சீல் குத்துவாங்க. சீல் இல்லாத கிராமத்துப் பன்னி, வேட்டைக்காரர் குடுத்த காட்டுப்பன்னி, ஃப்ரீயா கிடைச்சாலும் வேணாம்.

15 சென்டிமீட்டருக்கு கம்மியான கனத்துல வெட்டி மைனஸ் 15 டிகிரில 20 நாள் வெச்சா பண்ணைப் பன்னில புழு செத்துடும். காட்டு மிருகத்துல வர சில வகை குளிரத் தாங்கும், அதுக்கு இந்த கணக்கு செல்லாது, வேக வைக்கறதுதான் வழி.

இந்தப் புழு உள்ள போனவங்கள வார்டுல பாத்தது என்னன்னா, முதல்ல லேசா வயித்துப்போக்கு, அத யாரும் கண்டுக்க மாட்டாங்க, ரெண்டு வாரம் கழிச்சு ஜுரம், உடம்பெல்லாம் வலி, கண்ணச் சுத்தி உப்பிப்போய் வருவாங்க, அதுவரைக்கும் அலர்ஜி மாத்திரை முழுங்கிட்டு இருப்பாங்க. ரத்தத்துல ஈசினோஃபில்ங்கற ஒரு வகை வெள்ளை அணு எகிறி இருக்கும். அல்பெண்டசோல்னு புழு மாத்திரை இருக்கு, ஆனா புழு தசைக்குள்ள போறதுக்கு முன்னாடி குடுத்தாதான் முழு பலன். அதனால பச்சைப் பன்னி சாப்பிட்டத டாக்டர்கிட்ட வாய்விட்டு சொல்லுங்க, வெக்கப்படாதீங்க.

இன்னொண்ணு, பூண்டோட சேத்து அரைச்ச சாலோவ காத்துப்புகாத பாட்டில்ல அடைச்சு வெளில வைக்காதீங்க. நரம்ப முடக்கற விஷத்த உண்டாக்கற பாட்டுலிசம் கிருமிக்கு காத்தில்லாத இடம்தான் வசதி, வாசனை மாறாமலே விஷம் இருக்கலாம். சாப்பிட்டவங்களுக்கு பார்வை ரெண்டா தெரிஞ்சா, இமை தொங்கினா, முழுங்க கஷ்டமா இருந்தா காலைல பாத்துக்கலாம்னு படுக்காதீங்க, அப்பவே எமர்ஜென்சிக்கு போங்க.