குஞ்சு தானே வெளியே வரட்டும்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் வீட்டில் அடைகாக்கும் கருவியில் (இன்குபேட்டர்) முட்டை வைத்துக் குஞ்சு பொரிப்பவர்கள் பெருகுகிறார்கள்; கடலூரில் என் கால்நடை மருத்துவமனைக்கு வரும் அட்டைப் பெட்டிகள் அதிகமாகிவிடுகின்றன. பெட்டிக்குள் பழைய துணி, அதன்மேல் ஈரம் காயாத இரண்டு மூன்று கோழிக்குஞ்சுகள், அவற்றின் வயிற்றடியில் உள்ளே போகாமல் தொங்கும் மஞ்சள் கருவின் பை. "ரொம்ப நேரமா கத்திக்கிட்டே இருந்துச்சு டாக்டர், வெளிய வரத் தெரியல, நாங்கதான் ஓட்டைப் பிரிச்சு விட்டோம்" என்கிறார் கொண்டு வந்தவர். சென்ற வாரம் நெல்லிக்குப்பத்திலிருந்து அப்படி வந்த இன்னொரு பெட்டியைப் பார்த்த பிறகு, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எழுதிவிடுவதே மேல் என்று தோன்றியது.

ஓட்டில் சிறு துளை விழுந்த பிறகு குஞ்சு அசையாமல் கிடந்தால் அது சிக்கிக்கொண்டதாகப் பொருள் இல்லை. அடை வைத்ததிலிருந்து ஏறக்குறைய 20ஆம் நாளில் குஞ்சு உள்சவ்வைக் கிழித்து, முட்டையின் அகன்ற பக்கத்திலுள்ள காற்றறைக்குள் அலகை நீட்டி, முதன்முறையாக நுரையீரலால் மூச்சு விடுகிறது. அதன் பின்னரே ஓட்டைக் கொத்துகிறது. துளையிட்ட பின் 12 மணி நேரம், சில சமயம் 24 மணி நேரம்வரை அது ஓய்வெடுப்பதாக நமக்குத் தோன்றும். உண்மையில் அந்த நேரத்தில்தான் ஓட்டின் உட்புறச் சவ்வில் ஓடிக்கொண்டிருந்த இரத்தம் உடலுக்குள் திரும்புகிறது, மிஞ்சியிருக்கும் மஞ்சள் கரு தொப்புள் வழியாக வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது, தொப்புள் மூடத் தொடங்குகிறது. இவை முடிவதற்குள் நீங்கள் ஓட்டைப் பிரித்தால் இரத்தக் குழாய்கள் அறுபடுகின்றன. திறந்த தொப்புள் வழியே கிருமி புகுந்து, வயிறு உப்பி, பெரும்பாலான குஞ்சுகள் முதல் வாரத்திலேயே இறந்துவிடுகின்றன. "ஒரு ஊசி போட்டுவிடுங்கள்" என்று கேட்கிறார்கள். வெளியே தொங்கும் மஞ்சள் கருவின் பையை உள்ளே அனுப்பும் ஊசி எதுவும் என்னிடம் இல்லை.

கோழி உதவுவதில்லையா என்று வாதிடுபவர்களும் உண்டு. அடைக்கோழி அந்த நேரத்தில் பெரும்பாலும் கூட்டைவிட்டு எழுவதே இல்லை. வெப்பத்தையும் ஈரத்தையும் கலையாமல் காப்பதே அதன் உதவி. நாமோ ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கருவியின் மூடியைத் திறந்து படம் எடுக்கிறோம். திறக்கும் ஒவ்வொரு முறையும் ஈரக்காற்று வெளியேறி, துளையிட்ட முட்டையின் சவ்வு காகிதம்போல் காய்ந்து குஞ்சை இறுக்கிவிடுகிறது. அதாவது, எந்தச் சிக்கலிலிருந்து காப்பாற்றுவதாக நினைத்தீர்களோ அதை உண்டாக்கியதும் உங்கள் கைதான். 18ஆம் நாள் முட்டையைத் திருப்புவதை நிறுத்துங்கள், மூடியை மூடுங்கள், அதன் பிறகு தொடாதீர்கள். முதலில் பொரித்த குஞ்சு பசியால் வாடுமே என்று கலங்கவும் வேண்டாம். உள்ளே இழுத்த மஞ்சள் கரு அதற்கு இரண்டு நாளுக்குப் போதும்.

அடுத்தது தண்ணீர். வறண்ட ஊர்க்காரர்கள் சொல்வதைக் கேட்டு, முதல் நாளே கருவியின் இரண்டு தொட்டிகளையும் நிரப்பிவிடுகிறார்கள். கடலூரிலும் புதுச்சேரியிலும் கடற்காற்றிலேயே ஈரம் போதுமான அளவு இருப்பதால், அதே காற்று பெட்டிக்குள் 37.5 டிகிரி செல்சியஸுக்குச் சூடான பின்பும் ஈரப்பதம் பெரும்பாலும் 45 முதல் 50 விழுக்காட்டிலேயே நிற்கும். முதல் 18 நாளுக்கு 50 விழுக்காட்டை ஒட்டி இருந்தால் போதும். ஈரமானியைப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் கொஞ்சம் ஊற்றுங்கள். கடைசி மூன்று நாளில்தான் அதை 65 முதல் 70க்கு உயர்த்த வேண்டும். தொடக்கத்திலேயே ஈரம் மிகுந்தால் முட்டை இழக்க வேண்டிய நீரை இழக்காது, காற்றறை சிறிதாகவே இருக்கும், குஞ்சு முதல் மூச்சிலேயே நீரில் மூழ்கும். 45 கிராம் நாட்டுக்கோழி முட்டை 18ஆம் நாளில் 39 அல்லது 40 கிராமுக்கு இறங்கியிருக்க வேண்டும். சமையலறைத் தராசே இதற்குப் போதுமானது.

கருவியின் திரையில் தெரியும் எண்ணை நம்பாதீர்கள். காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் வெப்பமானியை முட்டை மட்டத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். 37.5 டிகிரி என்பது மின்விசிறி உள்ள கருவிக்கான கணக்கு. விசிறி இல்லாத தெர்மோகோல் பெட்டியில் முட்டையின் மேற்பரப்பருகே 38.5 டிகிரி அளவில் இருக்க வேண்டும். அடை வைக்கும் முட்டையைக் கழுவக் கூடாது, ஏழு நாளுக்கு மேல் சேர்த்து வைக்கவும் கூடாது. மே மாத வெயிலில் ஓட்டு வீட்டுக் கூடையில் வைத்த முட்டைக்குள் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, கருவிக்குள் போகுமுன்பே செத்துவிடும். கூண்டுக்கோழிப் பண்ணையிலிருந்து கடைக்கு வரும் வெள்ளை முட்டை சேவலையே காணாத கோழி இட்டது. அதை அடை வைத்துவிட்டு 21 நாள் காத்திருந்து என்னிடம் வருத்தப்படாதீர்கள்.

மின்சாரம் நின்றால் பதற வேண்டாம். துணியைச் சுற்றி மூடி வையுங்கள். சில மணி நேரக் குளிர்ச்சியை முட்டை தாங்கும், அதிக வெப்பத்தைத்தான் தாங்காது. ஆனால் நவம்பர், டிசம்பர் மாதங்களில் இன்வெர்ட்டர் இல்லாமல் அடை வைக்கத் தொடங்காதீர்கள். 2011 டிசம்பரில் 'தானே' புயலைப் பார்த்த ஊர் இது.

அன்புகூர்ந்து இன்னொன்றையும் செய்யுங்கள். 23ஆம் நாள்வரை பொரிக்காதவற்றைக் கூமுட்டை என்று குப்பையில் வீசாமல், கையுறை அணிந்து வீட்டுக்கு வெளியே உடைத்துப் பாருங்கள். கருவே இல்லையென்றால் சேவலைக் கவனிக்க வேண்டும். முதல் வாரத்திலேயே இறந்த கரு என்றால் முட்டையைச் சேமித்த இடத்தையும் வெப்பநிலையையும் சந்தேகியுங்கள். முழுதாக வளர்ந்து, வீங்கி, நனைந்து கிடந்தால் தண்ணீரைக் குறையுங்கள். எந்த முட்டை எந்த நாளில் எப்படி இருந்தது என்ற குறிப்போடு வந்தால், அடுத்த அடைக்கு எதை மாற்ற வேண்டும் என்பதை என்னால் உருப்படியாகச் சொல்ல முடியும்.