"நேற்று வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?"

நாயையோ பூனையையோ தூக்கிக்கொண்டு பதறி உள்ளே வருபவர்கள் என்னிடம் முதலில் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "டாக்டர், நேற்று வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு." அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் ரத்தம் எடுத்துப் பார்த்தால் பல சமயம் அந்த நோய் தொடங்கிச் சில வாரங்கள், சில மாதங்கள்கூட ஆகியிருக்கும். வலியை வெளியே காட்டாமல் மறைப்பது இவற்றின் இயல்பு. அதிலும் பூனை, முற்றிலும் முடியாமல் போகும்வரை கட்டிலுக்கு அடியில் சத்தமில்லாமல் படுத்துக்கொள்ளும், நாமோ அது தூங்குகிறது என்று விட்டுவிடுவோம்.

குட்டிகளில் இருந்து தொடங்குகிறேன், மனசு அதிகம் கனப்பது அங்கேதான். ஆறு வாரத்தில் ஒரு ஊசி போட்டுவிட்டு, "தடுப்பூசி போட்டாச்சு" என்று நம்பி வெளியே கூட்டிப்போய், பதினொரு வாரத்தில் ரத்தக் கழிச்சலோடு தூக்கி வரும் குட்டிகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். பார்வோ வைரஸ். குடலின் உள்தோலையும் எலும்பு மஜ்ஜையையும் ஒரே நேரத்தில் தாக்கும், சில குட்டிகள் பிழைக்கும், சில பிழைக்காது. "ஊசி போட்டும் ஏன் வந்துச்சு?" என்று அவர்கள் அழுதுகொண்டே கேட்கும்போது நான் சொல்லும் பதிலை முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தாயின் சீம்பாலில் இருந்து குட்டிக்கு நோய் எதிர்ப்புப் பொருள் கிடைக்கிறது. முதல் சில வாரங்கள் அதுதான் குட்டியைக் காக்கிறது, ஆனால் அதுவே நாம் போடும் தடுப்பூசியையும் வேலை செய்ய விடாமல் அழித்துவிடும். இந்தத் தாய்வழிக் காப்பு என்று தேய்ந்து போகும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டில் ஒன்றுக்கு எட்டு வாரத்திலேயே தேயும், இன்னொன்றுக்குப் பதினாறு வாரம் வரை நிற்கும். எந்தக் குட்டிக்கு எப்போது என்பது வெளியே பார்த்தால் தெரியாது. அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம். அந்தக் கடைசி ஊசிதான் பல குட்டிகளுக்கு உண்மையில் பிடிக்கிறது, மக்கள் விட்டுவிடுவதும் அதைத்தான். அப்புறம் ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் இன்னொன்று. பூனைக்குட்டிக்கும் இதே கணக்கு.

ஒரு குட்டி பார்வோவில் போய்விட்டால், துக்கம் தாங்காமல் அடுத்த வாரமே புதுக் குட்டி வாங்கி வருபவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அந்த வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சாதாரண சோப்புக்கும் பினாயிலுக்கும் சாகாது, குளோரின் கலந்த ப்ளீச் வேண்டும். அதன் பிறகும், தடுப்பூசி முழுக்க முடிந்த வளர்ந்த நாயாகப் பார்த்துக் கொண்டுவருவதுதான் நல்லது.

ரேபிஸ் பற்றி நீட்டி முழக்க மாட்டேன். அறிகுறி தெரிந்தபின் காப்பாற்ற அநேகமாக வழியே இல்லை. 12 வாரத்தில் முதல் ஊசி, ஒரு வருடம் கழித்து அடுத்தது, பின்பு உங்கள் மருத்துவர் சொல்லும் இடைவெளியில். வீட்டை விட்டே வெளியேறாத பூனைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், திறந்திருக்கும் கதவு ஒரு நாள் போதும்.

குடற்புழு மருந்தைத் தொடங்க எல்லோரும் தாமதிக்கிறார்கள். நாய்க்குட்டிக்குத் தாயின் வயிற்றிலேயே உருண்டைப் புழு வந்துவிடுகிறது, தாய்ப்பால் வழியாகவும் வருகிறது. அதனால் இரண்டு வாரத்திலேயே மருந்தைத் தொடங்கி, முதல் இரண்டு மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கிறோம். இந்தப் புழுவின் முட்டை மண்ணில் விளையாடும் குழந்தையின் வாய்க்குள் போனால் கண்ணைக்கூடப் பாதிக்கலாம் என்பதால், குட்டிக்குக் கொடுக்கும் இந்த மருந்தை வீட்டிலுள்ள குழந்தைக்கான பாதுகாப்பாகவும் பாருங்கள்.

உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் மருந்து வாங்கும்போது ஒரே ஒரு விஷயம். நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் நாய்க்கு ஒன்றும் செய்யாது, பூனைக்கு நரம்பைத் தாக்கி வலிப்பு வரவைக்கும். "மிச்சம் இருந்துச்சு, இதுக்கும் ரெண்டு சொட்டு போட்டேன்" என்று ஒரு அம்மா சொன்னபோது அவர் மடியில் பூனை துடித்துக்கொண்டிருந்தது. பாரசிட்டமாலும் இப்படித்தான். பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது, ஒரே ஒரு மாத்திரை அதன் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கவிடாமல் செய்து கொன்றுவிடும். காய்ச்சல் என்று அன்போடு கொடுக்கிறார்கள், அதுதான் கொடுமை.

சரி, வீட்டில் நீங்கள் என்ன பார்க்கலாம்? முதலில் தண்ணீர்ப் பாத்திரம். அளந்து ஊற்றி, ஒரு நாள் கழித்து மிச்சத்தை அளந்து பாருங்கள். நாய் ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிக்கு மேலும், பூனை 50 மில்லிக்கு மேலும் குடித்தால் காரணம் தேடியாக வேண்டும்: சர்க்கரை நோயாக இருக்கலாம், கருத்தடை செய்யாத பெண் நாய் என்றால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம், வயதான பூனை என்றால் சிறுநீரகம். சிறுநீரகம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கெட்ட பிறகுதான் தண்ணீர் தாகமே கூடும், நான்கில் மூன்று பங்கு போன பிறகுதான் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுப் பொருள்) உயரும், ஆகவே "நல்லாச் சாப்பிடுது, நல்லாத் தண்ணி குடிக்குது" என்று சந்தோஷப்படும் வீடுகளில்தான் எனக்குப் பயம்.

மூச்சையும் எண்ணிப் பழகுங்கள். ஆழ்ந்து தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு 30க்குக் கீழே இருக்க வேண்டும். இதய நோயுள்ள நாய்க்கு நுரையீரலில் நீர் கோர்க்கத் தொடங்குவதை, அது இரவில் மூச்சுத் திணறி நிற்பதற்கு முன்பே, இந்த எண்ணிக்கை உங்களுக்குச் சொல்லிவிடும்.

எடையைப் பற்றிச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது. விலாவில் கை வைத்து லேசாகத் தடவினால் எலும்பு தட்டுப்பட வேண்டும், அழுத்தித் தேடினால்தான் தெரிகிறது என்றால் அதிகம். 2002இல் வெளியான ஓர் ஆய்வில் 48 லாப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மட்டும் 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்து, வாழ்நாள் முழுக்கக் கவனித்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. எனக்குத் தெரிந்து எந்த மாத்திரையும் ஒரு நாய்க்கு இரண்டு வருடம் தருவதில்லை.

ஆண் பூனை மணல் தட்டில் போய் முக்கிக்கொண்டே இருந்தால், மலச்சிக்கல் என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். அது சிறுநீர் அடைப்பாக இருக்கலாம். அப்படியென்றால் இரண்டு மூன்று நாளில், சில சமயம் அதற்கும் முன்பே, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். நள்ளிரவானாலும் கிளம்புங்கள்.

பூனையை ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனைக்குக் கொண்டுவரச் சொன்னால், "பிடிக்கவே முடியாது டாக்டர்" என்கிறார்கள். அந்தக் கூடையைப் பரணில் வைத்திருந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் அன்று மட்டும் இறக்கினால் அது ஓடத்தான் செய்யும். கூடையை இறக்கி, கதவைத் திறந்தபடியே, அது வழக்கமாகப் படுக்கும் மூலையில் வையுங்கள், உள்ளே நீங்கள் உடுத்திய பழைய துணி ஒன்றைப் போடுங்கள், அவ்வப்போது அதற்குப் பிடித்த தீனியை உள்ளேயே வையுங்கள். முதல் வாரம் மோந்து பார்த்துவிட்டுப் போகும். கொஞ்ச நாளில், நீங்கள் தேடும்போது அதற்குள்ளேதான் தூங்கிக்கொண்டிருக்கும்.