தசமப் புள்ளியில் நிற்கும் அக்காக்கள்

என்னிடம் நர்சிங் உதவியாளர் பயிற்சிக்கு வரும் பெண்களில் பாதிப் பேர் முப்பது வயதைத் தாண்டியவர்கள். வட சென்னையில் காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம். அம்மாவையோ மாமியாரையோ ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வாரக்கணக்கில் கூடவே இருந்தவர்கள் இதில் நிறைய. புண்ணைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டார்கள், ராத்திரி கண் விழிக்கச் சலிக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவர்கள்தான் இரண்டாவது மாதத்தில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறார்கள். விசாரித்தால், பெரும்பாலும் காரணம் கணக்கு.

அதனால்தான் பயிற்சிக்கு முன்னால் பிரிட்ஜ் கோர்ஸ் வேண்டும் என்று எல்லோரிடமும் மன்றாடுகிறேன். பள்ளியில் விட்டுப்போன கணக்கையும் கொஞ்சம் ஆங்கிலத்தையும் முதலில் மீட்டு எடுத்துவிட வேண்டும்.

போன வருடம் மீன் விற்கும் அக்கா ஒருவர் வந்தார். போர்டில் ஒரு கணக்கு எழுதினேன். 5 மில்லி சிரப்பில் 125 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. டாக்டர் 200 மில்லிகிராம் கொடுக்கச் சொல்கிறார். எத்தனை மில்லி ஊற்றுவது? அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "எனக்கு இதெல்லாம் ஏறாது மிஸ்."

சரி என்று போர்டை அழித்தேன். "அக்கா, 5 கிலோ சங்கரா மீன் 1250 ரூபாய். ஒருத்தர் 2000 ரூபா குடுக்கறார். எவ்ளோ போடுவீங்க?"

"எட்டு கிலோ." கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

இரண்டு தொகையிலும் ஒரு சைபரை எடுத்தேன். ரூபாய் இருந்த இடத்தில் மில்லிகிராம், கிலோ இருந்த இடத்தில் மில்லி என்று மாற்றி எழுதினேன். கொஞ்ச நேரம் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா மிஸ், அதே கணக்குதானா இது?" அன்றைக்கு வகுப்பு முடிந்த பிறகும் அவர் கிளம்பவில்லை.

இந்த இடத்தில் நான் அவசரப்படுவதே இல்லை. 0.5 என்பதில் புள்ளியைக் கவனிக்காமல் 5 என்று படித்தால் நோயாளிக்குப் பத்து மடங்கு மருந்து போய்விடும். ஆங்கிலத்திலும் இதே ஆபத்து உண்டு. ஹைப்பர் என்றால் ஏறியது, ஹைப்போ என்றால் இறங்கியது. ரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கியவருக்கு உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும். சீட்டில் அந்த ஒரு சொல்லை மாற்றிப் படித்தால் எல்லாமே தலைகீழாகிவிடும்.

அப்புறம், கட்டணம் கட்டுவதற்கு முன், அது நர்ஸ் படிப்பா, உதவியாளர் பயிற்சியா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஏ.என்.எம். (துணை நர்ஸ், பிரசவம் பார்க்கும் படிப்பு) இரண்டு வருடம், ஜி.என்.எம். (பொது நர்சிங், பிரசவம் பார்க்கும் டிப்ளமோ) மூன்று வருடம், பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம். மூன்றுக்கும் 12-ஆம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும், வயது விதிகளும் உண்டு. படித்து முடித்து நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் நர்ஸ். "ஆறே மாதத்தில் நர்ஸ் ஆகலாம்" என்று ஓர் இடத்தில் சொன்னதை நம்பி, நகையை அடகு வைத்துப் பணம் கட்டிய பெண்ணை எனக்குத் தெரியும். அவர் கையில் கிடைத்தது உதவியாளர் சான்றிதழ். உதவியாளர் வேலை கௌரவமான வேலை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பெண் அழுதது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பன்னிரண்டாவது முடிக்கவில்லையா? தேசிய திறந்தநிலைப் பள்ளியில் எழுதலாம், அதற்கு உச்ச வயது இல்லை. எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. ஐந்து வருடத்துக்குள் ஒவ்வொன்றாக எழுதிக்கொள்ளலாம்.

வகுப்பை மாலை மூன்று மணிக்கு வைத்திருக்கிறேன். விடியற்காலை மீன் ஏலத்துக்குப் போனவர்களுக்கு அதுதான் தோது. தண்ணி லாரி வருகிற நாளில் தாமதமாக வந்தாலும் கேள்வி கேட்பதில்லை. குழந்தையையும் கூட்டி வரலாம். சேர யோசிப்பவர்கள் இன்றைக்கே வீட்டிலிருக்கும் மாத்திரை அட்டையை எடுத்து, அதில் எத்தனை மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது என வாய்விட்டுப் படியுங்கள். பிள்ளையின் ஏழாவது கணக்குப் புத்தகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். தசமப் பாடத்தை அதில்தான் ஆரம்பிக்கப்போகிறோம்.