லக்மேயின் மணிப் பாட்டு: சொல் நின்று குரல் மட்டும் ஏறும் இடம்

லியோ தெலீப் இசையமைத்த 'லக்மே' என்ற பிரெஞ்சு ஒபேரா (பாட்டாகவே நடக்கும் இசை நாடகம்) 1883 ஏப்ரல் 14 அன்று பாரிஸின் ஒபேரா-கொமீக் அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. ஆங்கிலேயர் ஆட்சிக்கால இந்தியாவில் நடப்பதாக எழுதப்பட்ட கதை அது. அதன் இரண்டாம் அங்கத்தில் நீலகண்டன் என்னும் பூசாரி, தன் கோயில் தோட்டத்துக்குள் அத்துமீறி நுழைந்த வெள்ளைக்காரன் யாரென்று கண்டறிவதற்காகத் தன் மகள் லக்மேயைக் கடைவீதியில் நிறுத்திப் பாடவைக்கிறான். அவள் குரலைக் கேட்டால் அவன் தானாகவே வெளிப்பட்டுவிடுவான் என்பது தந்தையின் கணக்கு. அப்போது அவள் பாடுவதுதான் 'மணிப் பாட்டு'. மிக உயர்ந்த சுரங்களில் விரைந்து உருளும் பெண் குரலைக் கொலரத்தூரா சொப்ரானோ என்பார்கள். அந்தக் குரலுக்கென்றே எழுதப்பட்ட பாடல்களில் இதற்கு ஈடாக வெகு சிலவற்றையே சொல்ல முடியும்.

இந்த ஒபேராவின் முழுப் பதிவுகளில் என் மனம் திரும்பத் திரும்பத் தேடுவது, 1990களின் பிற்பகுதியில் பிரெஞ்சுப் பாடகி நத்தாலி தெஸ்ஸே துலூஸ் நகரின் கப்பித்தோல் இசைக்குழுவோடு, மிஷேல் ப்ளாசோனின் நடத்துகையில் பாடியதைத்தான். அந்தக் குரலின் அழகை வியப்பதோடு நின்றுவிடாமல், அது எப்படி உண்டாகிறது என்று பார்த்தால், தெலீப் எவ்வளவு நுட்பமாகக் குரலின் இயற்பியலை அறிந்து எழுதியிருக்கிறார் என்பதும் புலப்படும்.

பாட்டு சொல்லும் கதை எளியது. ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்த ஒரு பெண், காட்டில் விலங்குகள் சூழ்ந்துகொண்ட வழிப்போக்கன் ஒருவனைத் தன் கோலில் கட்டிய சிறு மணியை ஒலித்துக் காப்பாற்றுகிறாள். அவன் விஷ்ணு என்பது பிறகு தெரியவருகிறது. (பாடலாசிரியர்கள் விஷ்ணுவைப் பிரம்மாவின் மகன் ஆக்கிவிட்டார்கள், நம் வாசகர்களுக்கு அது உறுத்தத்தான் செய்யும்.) இந்தக் கதையைச் சொல்லும் சொற்கள் பெரும்பாலும் குரலின் நடுப்பகுதியிலேயே அமைந்திருக்கின்றன. தொடக்கத்தில் இசைக்கருவிகளின் துணையின்றி வரும் நீண்ட ஆலாபனையிலும், மணியோசையைப் போன்று குரல் ஒலிக்கும் இடங்களிலும், கடைசியில் குரல் உச்சத்துக்கு ஏறும்போதும் சொற்கள் விலகிக்கொள்ள, வெறும் 'ஆ' என்ற ஒலியே மிஞ்சுகிறது.

அந்த உச்ச சுரத்தின் அதிர்வெண் ஏறத்தாழ 1,319 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டை சுருதியில் பாடும் ஒரு பெண்ணின் மேல் ஸ்தாயிப் பஞ்சமத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் இன்னும் ஒரு முழு ஸ்தாயியும் ஒரு சுரமும் ஏறினால் அந்த இடத்தைத் தொடலாம். குரல்வளைக்குள் இருக்கும் இரண்டு குரல்நாண்களும் ஒரு விரல்நகத்தின் அகலத்துக்கு மேல் நீளமில்லாதவை. அவை அங்கே ஒரு நொடிக்கு ஆயிரத்து முந்நூறு முறைக்கு மேல் அதிர்கின்றன. இந்த அதிர்வுகள் ஒவ்வொன்றையும் மூளை தனித்தனியே ஏவுவதில்லை. குரல்வளையின் முன்பக்கத் தசை கேடயக் குருத்தெலும்பைச் சாய்த்து நாண்களை இழுத்து மெலிதாக்கி விறைப்பாக்குகிறது. நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றின் இடையே பாயும்போது, அந்த விறைப்புக்கேற்ற வேகத்தில் அவை தாமாக அதிர்கின்றன. உச்சத்தில் அதிர்வின் வீச்சு மிகச் சிறியதாகிவிடும். நாண்களின் மெல்லிய விளிம்புப் பகுதியே பெரும்பாலும் அசைகிறது.

உயிரெழுத்துகள் அந்த உயரத்தில் ஏன் கரைந்துபோகின்றன? நாம் 'இ' என்பதையும் 'ஆ' என்பதையும் பிரித்தறிவது, தொண்டையிலிருந்து உதடு வரையுள்ள குழியின் ஒத்ததிர்வுகள் (குழியும் சேர்ந்து அதிர்ந்து ஒலியைப் பெருக்கும் இடங்கள்) எந்தெந்த அதிர்வெண்களை எடுப்பாகக் காட்டுகின்றன என்பதை வைத்துத்தான். ஒரு பெண் 'இ' என்று சொல்லும்போது முதல் ஒத்ததிர்வு முந்நூறு, நானூறு ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். வாயை அகலத் திறந்து 'ஆ' என்னும்போது அது ஆயிரத்தை நெருங்கும். பேச்சில் அடிச்சுரம் இருநூறு ஹெர்ட்ஸ் அளவில் இருப்பதால், அதன் மடங்குகளாக மேற்சுரங்கள் நெருக்கமாக அடுக்கி நின்று இந்த வேறுபாட்டைத் தெளிவாக வரைந்துகாட்டுகின்றன. 1,319 ஹெர்ட்ஸில் பாடும்போதோ அடுத்த மேற்சுரம் 2,638இல்தான் வருகிறது. 'இ'யின் முதல் ஒத்ததிர்வு இருக்குமிடத்தில் எடுத்துக்காட்டுவதற்கு ஒலியே இல்லை. எனவே எந்த எழுத்தைப் பாடினாலும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். இது பாடகியின் உச்சரிப்புக் குறை அன்று.

இந்த நிலையில் பாடகி செய்வது, ஒத்ததிர்வையே சுரத்தை நோக்கி நகர்த்துவது. சுரம் ஏற ஏறத் தாடையை மேலும் இறக்கி வாயைத் திறந்தால் முதல் ஒத்ததிர்வும் கூடவே ஏறி, அடிச்சுரத்தோடு பொருந்தி, கூடுதல் உழைப்பின்றியே ஒலியைப் பெருக்கித் தருகிறது. ஸ்வீடனைச் சேர்ந்த குரல் ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெரி 1970களிலேயே இதை விளக்கினார். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகக் குழு, பாடும் பெண்களின் உதட்டருகே ஒரு சோதனை ஒலியைச் செலுத்தி இதை நேரடியாக அளந்து 2004இல் வெளியிட்டது. ஏறத்தாழ ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் வாயை எவ்வளவு திறந்தாலும் முதல் ஒத்ததிர்வு ஈடுகொடுக்காது என்பதால், அதற்கு மேலே பாடகியர் இரண்டாம் ஒத்ததிர்வைத் துணைகொள்கிறார்கள் என்பதும் பின்வந்த அளவீடுகளில் தெரியவந்தது. அத்தனை உயரத்தில் இருக்கும் அடிச்சுரம் காதுக்கு நன்றாகவே எட்டும்; வாத்தியக்குழுவின் ஆற்றலில் பெரும்பகுதி அதற்குக் கீழேயே அடங்கிவிடுவதால், ஒலிபெருக்கி இல்லாமலேயே ஒற்றைக் குரல் அரங்கின் கடைசி வரிசை வரை சென்று சேர்கிறது.

மணியோசைப் பகுதி இதைவிடவும் கடினமானது என்பேன். அடிபட்ட மணி சட்டென்று ஒலித்து மெல்லத் தேய்கிறது. குரலோ காற்றுள்ளவரை நீடிக்கும் இயல்புடையது. ஆகவே பாடகி ஒவ்வொரு சுரத்தையும் கூர்மையாகத் தொடங்கி உடனே நிறுத்த வேண்டியிருக்கிறது. தேய்ந்து மறையும் வாலை அரங்கின் எதிரொலியே சேர்த்துக்கொடுக்கிறது. நாண்கள் நெருங்குவதும் காற்று புறப்படுவதும் ஒரே கணத்தில் நிகழ வேண்டும்: நாண்கள் முந்தினால் இருமல் போன்ற வெட்டு விழும், காற்று முந்தினால் சுரத்துக்கு முன் மூச்சுச் சத்தம் வரும். சுரத்தைத் தொட்டபின் காதால் கேட்டுத் திருத்தலாம் என்றால் அதற்கும் நேரமில்லை. கேட்டது மூளைக்குப் போய்த் தசைக்குத் திரும்புவதற்குப் பத்தில் ஒரு நொடியாவது ஆகும். அதற்குள் சுரம் முடிந்துவிடுகிறது. நீண்ட சுரங்களில் நொடிக்கு ஐந்து முதல் ஏழு முறை சுரம் மேலும் கீழுமாக ஆடும் இயல்பான அசைவு, சிறு பிசகுகளை மூடிமறைக்கும். இங்கே அந்த அசைவு ஒரு சுற்று முடியவும் இடமில்லை. சுரம் ஒலிப்பதற்கு முன்பே தசைகள் சரியான விறைப்பில் காத்திருக்க வேண்டும். தெஸ்ஸேயின் பதிவில் இந்தச் சுரங்கள் ஒவ்வொன்றும் தூய்மையாக, முன்னும் பின்னும் அழுக்கின்றி விழுகின்றன.

ஆஸ்திரேலியப் பாடகி ஜோன் சதர்லாண்ட் 1960களில் பதிவுசெய்த லக்மே, ஒலியின் செழுமையில் ஒப்பற்றது. அவர் நடுப்பகுதியிலும் வாயின் குழியை விரிவாகவே வைத்துக்கொள்வதால் குரல் உருண்டு திரண்டு வருகிறது. அதற்கு விலையாக மெய்யெழுத்துகள் மழுங்கி, பிரெஞ்சுச் சொற்கள் பின்வாங்குகின்றன. தெஸ்ஸே நடுப்பகுதியில் ஒவ்வொரு சொல்லையும் பேச்சுக்கு நெருக்கமாக வைத்துக் கதையைச் சொல்லிவிட்டு, இயற்பியல் சொல்லை அனுமதிக்காத உயரத்தில்தான் அதைக் கைவிடுகிறார். இரண்டு வழிகளும் முறையானவையே. ஆனால் லக்மே இங்கே கச்சேரி செய்யவில்லை, கடைவீதியில் தந்தையின் கட்டாயத்துக்காக ஒரு கதையைச் சொல்லிக்கொண்டு நிற்கிறாள் என்பதால், இந்தப் பாட்டுக்கு நான் தெஸ்ஸேயின் வழியையே தேர்வேன்.