மாதவிடாய் வலிக்கு மாத்திரை கேட்கவில்லையா? எப்போது போட்டீர்கள்?

“மாத்திரை போட்டாலும் கேக்க மாட்டேங்குது டாக்டர்.” மாதவிடாய் வலிக்காக என்னிடம் வருகிறவர்களில் பலரும் இப்படித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். பதிலுக்கு நான் கேட்பதும் அநேகமாக ஒரே கேள்வி: “எத்தனை மணிக்கு வலி ஆரம்பிச்சுது, எத்தனை மணிக்கு மாத்திரை போட்டீங்க?”

சில மாதங்களுக்கு முன் 17 வயதுப் பெண் ஒருத்தியை அவள் அம்மா அழைத்து வந்திருந்தார். நான் கேட்டது மகளிடம், சொன்னதெல்லாம் அம்மா. காலை 6 மணிக்கே அடிவயிறு இழுத்துப் பிடிக்குமாம். பல்லைக் கடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பாளாம். 10 மணிக்கு வாந்தி. அதையும் பொறுத்து, மதியம் இனி முடியாது என்றானபின் ஒரு மாத்திரை, அதுவும் பாதி. மிச்சப் பாதியைக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். காகிதத்தில் மடித்து வைத்து, ஓரமெல்லாம் பொடிந்து போயிருந்தது. “முழுசா போட்டா பழகிடும்ல டாக்டர்? கர்ப்பப்பைக்கு ஏதாவது ஆயிட்டா?” என்றார் அம்மா.

அந்த அரை மாத்திரையின் மேல் எனக்குக் கோபமே வந்தது. ஆறு மணி நேரம் வீணாகத் துடித்திருக்கிறாள்.

வலி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் காரணம் புரியும். கரு தங்காத மாதத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவு குறைகிறது. அப்போது கர்ப்பப்பையின் உள்சவ்வு புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது. அது கர்ப்பப்பைத் தசையை இறுக்கிப் பிழியும், ரத்தக்குழாய்களையும் சுருக்கும். ரத்தம் கிடைக்காமல் திணறுகிற தசைதான் வலிக்கிறது. அதில் ஒரு பங்கு உடம்பில் கலந்து குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு என்று தன் வேலையைக் காட்டும். முதல் நாள் நாலைந்து முறை கழிப்பறைக்கு ஓடுவதை வெட்கப்பட்டுச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். அதுவும் இதே கணக்குதான்.

1935-இல் ஸ்வீடன் விஞ்ஞானி உல்ஃப் வான் ஆய்லர் இந்தப் பொருள் புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வருவதாக நினைத்து அந்தப் பெயரை வைத்தார். மாதாமாதம் பெண்களை வாட்டுகிற ஒன்றுக்கு ஆணின் சுரப்பியின் பெயர்! ஆஸ்பிரின் வகை மருந்துகள் இந்தப் பொருள் உற்பத்தியாவதைத் தடுக்கின்றன என்று 1971-இல் பிரிட்டன் விஞ்ஞானி ஜான் வேன் காட்டினார்; 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

உற்பத்தியாவதைத் தடுக்கின்றன என்பதைக் கவனியுங்கள். குழாயை மூடத்தான் இந்த மாத்திரைக்குத் தெரியும். ஏற்கெனவே தேங்கிய தண்ணீரை இறைக்கத் தெரியாது. இபுபுரோஃபென், மெஃபனமிக் அமிலம், நாப்ராக்சன் எல்லாம் இந்த வகைதான். பாராசிட்டமாலும் உதவும், ஆனால் இவற்றின் அளவுக்கு இல்லை.

ஆகவே முதல் இழுப்பு தெரிந்த உடனே, அல்லது உதிரம் பட்ட உடனே, வயிற்றில் ஏதாவது போட்டுக்கொண்டு முழு அளவு மாத்திரை. இபுபுரோஃபென் என்றால் பெரியவர்களுக்கு 400 மில்லிகிராம், 6 முதல் 8 மணி நேர இடைவெளியில். மருத்துவர் சொல்லாமல் ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம். 18 வயதுக்குக் கீழே இருந்தால் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள், வலி திரும்பி வரட்டும் என்று காத்திராமல் நேரப்படி போடுங்கள். இந்த வகையில் இரண்டை ஒன்றாகச் சேர்த்துப் போடக் கூடாது. மாதத்துக்கு இரண்டு மூன்று நாள் போடுவதால் பழகியும் போகாது, கர்ப்பப்பையும் கெடாது.

எல்லோருக்கும் ஒத்துவராது என்பதும் உண்மை. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்பிரினால் கிளம்பும் ஆஸ்துமா உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், கர்ப்பம் இருக்குமோ என்ற சந்தேகத்தில் இருப்பவர்கள் கேட்காமல் தொடவே கூடாது. காய்ச்சலும் சேர்ந்திருந்து டெங்குவாக இருக்கலாம் என்றால் அப்போதும் வேண்டாம்.

அந்தப் பெண்ணுக்கு ஒரு சின்ன நோட்டு போடச் சொன்னேன். வலி தொடங்கிய நேரம், மாத்திரை போட்ட நேரம், வாந்தி, எத்தனை நாப்கின். மூன்று மாதம் கழித்து கொண்டு வந்தாள். முதல் மாதம் அம்மாவின் கையெழுத்து. இரண்டாம் மாதத்திலிருந்து அவளுடையது. 5.40-க்கு வலி, 5.45-க்கு மாத்திரை. வாந்திக்கான கட்டத்தில் வெறும் கோடு.

மாத்திரை ஒத்துவராதவர்களுக்கும் வேண்டாம் என்பவர்களுக்கும் நான் தைரியமாகச் சொல்வது சூடு. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், சுமார் 39 டிகிரி செல்சியஸ் சூட்டை அடிவயிற்றில் நாளுக்கு 12 மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். மூன்று வேளை இபுபுரோஃபென் போட்டவர்களுக்குக் கிடைத்த அளவு நிவாரணம் அதிலும் கிடைத்தது. இரண்டையும் சேர்த்தவர்களுக்கு வலி சீக்கிரமே தணிந்தது. அந்த 39-ஐ மறந்துவிடாதீர்கள். உடம்புச் சூட்டைவிடக் கொஞ்சம்தான் அதிகம். கொதிக்கக் கொதிக்க வைத்தால்தான் கேட்கும் என்று நினைப்பவர்களின் வயிற்றில் பழுப்பு நிறத்தில் வலை விரித்தாற்போல் தழும்பு பார்த்திருக்கிறேன், மாதக்கணக்கில் போகாது. வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி, துணிக்கு மேல் வையுங்கள். அதை வைத்துக்கொண்டே தூங்கிவிடாதீர்கள். இடுப்புதான் அதிகம் வலிக்கிறது என்றால் இடுப்புக்கும் அதேதான்.

உடற்பயிற்சி பற்றிக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். வலிக்கிற அன்று ஓடச் சொல்லவில்லை. மற்ற நாட்களில், வாரம் மூன்று முறையாவது, 45 முதல் 60 நிமிடம். நடையோ யோகாவோ, எது முடிகிறதோ அது. இதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2019 மதிப்பாய்வு, அந்த அளவு செய்தால் வலி குறைய வாய்ப்புண்டு என்கிறது. அன்றைக்கே பலன் தெரியாது. புகைப்பழக்கம் இருப்பவர்களுக்கு இந்த வலி கூடுதலாக இருப்பதும் ஆய்வுகளில் தெரிகிறது.

இவ்வளவும் சாதாரண மாதவிடாய் வலிக்குத்தான். அந்த வலிக்கு ஓர் ஒழுங்கு உண்டு: வயதுக்கு வந்து ஆறு மாதம், ஒரு வருடத்தில் தலைகாட்டும், உதிரப்போக்கோடு தொடங்கி இரண்டு மூன்று நாளில் ஓய்ந்துவிடும். இருபதுகளின் பிற்பகுதியில் புதிதாக முளைத்த வலி, ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிற வலி, மாதவிடாய் முடிந்தும் விடாத வலி, உடலுறவின்போதோ மலம் கழிக்கும்போதோ வருகிற வலி இதெல்லாம் வேறு. எண்டோமெட்ரியோசிஸாக, அதாவது கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளர்கிற நோயாக இருக்கலாம்; கருவுறும் வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அடினோமையோசிஸ் (அந்தத் திசு கர்ப்பப்பைத் தசைக்குள் வளர்வது), நார்க்கட்டி என்று வேறு காரணங்களும் உண்டு. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதாலேயே ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. எண்டோமெட்ரியோசிஸ் பல நேரம் ஸ்கேனுக்குச் சிக்காது. “எல்லாப் பொம்பளைக்கும் இருக்கறதுதானே” என்று ஒரு மருத்துவர் அனுப்பிவைத்தால் இன்னொருவரிடம் போங்கள். சொல்கிறவர் என் தொழில்காரரானாலும் இதையேதான் சொல்வேன்.

நேரத்துக்கு, சரியான அளவில் மாத்திரை போட்டும் மூன்று மாதமாக அடங்கவில்லை என்றாலும் நோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். உள்சவ்வு தடிக்காமல் பார்த்துக்கொள்ளும் ஹார்மோன் மாத்திரைகள் இருக்கின்றன.

மணிக்கு ஒரு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நனைகிறது, காய்ச்சலோடு வலிக்கிறது, ஒரு பக்கம் மட்டும் திடீரென்று குத்தித் துடிக்க வைக்கிறது, நாள் தள்ளிப்போயிருக்கும்போது வலியோடு மயக்கம் வருகிறது அல்லது தோள்பட்டை வலிக்கிறது என்றால் வெந்நீர்ப் பையைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். கருக்குழாயில் தங்கிய கருவாகவோ முறுக்கிக்கொண்ட சினைப்பையாகவோ இருக்கக்கூடும். இரவு எத்தனை மணியானாலும் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.